முந்நூற்று அறுபத்திரண்டு இலக்கங்கள்

ஒரு பிற்பகலில் தொலைபேசியில் முந்நூற்று அறுபத்திரண்டு இலக்கங்களை வாய்விட்டுப் படித்தேன். என் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். எதிர்ப்பக்கம் மூன்று பேர். நடுவில் எக்ஸ்சேஞ்சில் ஒருவராவது கேட்டிருப்பார். இத்தனை பேர் காதில் விழுந்தும் அந்த எண்களின் பொருள் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்தில் அவை ஓர் இலக்கம் பிசகாமல் போய்ச் சேர்ந்தன. எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு பிற்பகல்தான் முதலில் வருகிறது. எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் ஆறு வருடமாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். இனியும் தள்ளினால் மொத்தமும் விட்டுப்போகும்.

எண்பதுகளின் பின்பாதி அது. தேனியில் ஒரு நூல் மில். அதற்குக் கம்பத்துக்குச் சற்று முன்னால், திராட்சைத் தோட்டங்களை ஒட்டி இரண்டாவது யூனிட். அந்த யூனிட்டில் நான் டைம்கீப்பர். உத்தமபாளையத்தில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவன், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை நாள் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை. படிக்கட்டு ஏறினால்கூட எண்ணித்தான் ஏறுவேன்.

யூனிட்டில் டெம்பரவரியாக வேலை பார்த்தவர்கள் நூற்று அறுபத்து நான்கு பேர். அக்டோபர் முதல் செப்டம்பர் வரையிலான பன்னிரண்டு மாதத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலைக்கு வந்தவர்களைப் பெர்மனென்ட் ஆக்குவது என்று தொழிற்சங்கத்துக்கும் மில்லுக்கும் ஒப்பந்தம். அக்டோபரில் குறித்த ஒரு நாளில், மாலை ஐந்து மணிக்குத் தேனி ஆபீசில் பெயர்ப் பட்டியல் ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு ஒரு பெயரைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். அடுத்த வருடம்தான்.

அதற்கு முந்தைய வருடம் வருகைப் பதிவேட்டைத் தேனிக்குக் கொண்டுபோனவர் மேஸ்திரி. டெம்பரவரி ஆட்களை ஊர் ஊராகப் போய்ப் பிடித்து வருவது அவர்தான். ஒருவர் பெர்மனென்ட் ஆகிவிட்டால் அவர் மேஸ்திரியின் கையை விட்டுப் போய்விடுவார். அப்புறம் மேஸ்திரி வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் சுமக்க மாட்டார், அவர் சொன்ன பக்கம் கை தூக்க மாட்டார். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்துபோகும் ஓர் அம்மாள். நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை. அவருடைய நாட்களை நான் எண்ணியிருந்தேன், இருநூற்று நாற்பத்திரண்டு. தேனியில் ஒட்டிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. பதிவேடு திரும்பி வந்ததும் புரட்டிப் பார்த்தேன். நான்கு இடத்தில் பிளேடால் சுரண்டி, P இருந்த இடத்தில் A போட்டிருந்தது. இருநூற்று முப்பத்தெட்டு. சுரண்டியது யார் என்று காட்ட என்னிடம் சாட்சியும் இல்லை, நகலும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மாள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து கேட்டார், "நீங்கதான சார் எண்ணுனீக?"

ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். எனக்கு அந்த வருடம் முழுக்க அது உறுத்தியது. தப்பாக எண்ணுகிறவன் என்று ஒருவர் என்னை நினைத்துக்கொண்டு தினமும் என் ஜன்னலைத் தாண்டிப் போகிறார். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அடுத்த சில மாதங்களில் மில்லுக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்தன. ஒன்று தேனியில், ஒன்று எங்கள் யூனிட்டில். இரண்டுக்கும் நடுவில் கம்பி கிடையாது. இங்கே இருப்பதை அங்கே கொண்டுபோக அந்தக் காலத்துப் பிளாப்பிதான்: அப்பளம் அகலத்துக்குக் கறுப்பாக, வளைந்துகொடுக்கும் சதுரத் தட்டு. அதை ஒரு டிரைவுக்குள் செருகி எழுதி, பஸ்ஸில் கொடுத்தனுப்பி, அங்கே இன்னொரு டிரைவில் செருகிப் படிப்பார்கள். எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள். நான் பார்த்ததெல்லாம், இதையும் வழியில் ஒருவன் மாற்றலாம் என்பதைத்தான். பதிவேட்டிலாவது சுரண்டிய தடம் இருந்தது. இதில் அதுவும் இருக்காது.

ஆகவே பூட்டவேண்டும் என்று முடிவு செய்தேன். தேனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் இருபத்தைந்து வயதுப் பெண். தேனி பஜாரில் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட வேகமாக டைப் அடிப்பாள், என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வாள். அவளும் நானும் சேர்ந்துதான் நிரல் எழுதினோம்.

பூட்டு இதுதான். ஓர் ஆள் அந்த மாதம் இருபத்தைந்து நாள் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இருவரிடமும் ஒரே எண்வரிசை இருக்கிறது. அதில் அந்த இடத்தில் நாற்பத்தேழு என்று இருக்கிறது. இரண்டோடு நான்கைக் கூட்டினால் ஆறு. ஐந்தோடு ஏழைக் கூட்டினால் பன்னிரண்டு. பத்தை விட்டுவிட்டால் இரண்டு. பிளாப்பியில் போவது அறுபத்திரண்டு. எண்வரிசை தெரிந்தவர்தான் அதைக் கழித்து இருபத்தைந்தை மீட்க முடியும்.

எண்வரிசைக்கு எங்கே போவது? நானே மனத்தில் தோன்றியபடி எழுதினால் அதில் ஓர் ஒழுங்கு வந்துவிடும். எனக்கு ஏழு அதிகம் வரும். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்கிற, யாரும் சந்தேகப்படாத, எண்கள் நிறைந்த அச்சுப் புத்தகம் வேண்டும். பஞ்சாங்கம். ஒவ்வொரு நாளுக்கும் திதி முடியும் நாழிகை, விநாழிகை. நட்சத்திரம் முடியும் நாழிகை, விநாழிகை. நாளொன்றுக்கு எட்டு இலக்கம். ஆள் ஒன்றுக்கு இரண்டு இலக்கம் வீதம் நூற்று அறுபத்து நான்கு பேருக்கு முந்நூற்று இருபத்தெட்டு இலக்கம் தேவை. எட்டால் வகுத்தால் மீதியில்லாமல் நாற்பத்தொரு நாள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

நாழிகை அறுபதைத் தாண்டாது. அதனால் என் பூட்டில் சில இடங்களில் ஆறுக்கு மேல் இலக்கம் வரவே வராது. அது ஓர் ஓட்டை. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் தோன்றி இரண்டு இரவு தூக்கம் போனது.

எந்த நாளிலிருந்து ஆரம்பிப்பது என்பதை மாதம் ஒருமுறை நான் தேனிக்குப் போகும்போது அந்தப் பெண்ணிடம் வாயால் மட்டும் சொல்வேன். பிளாப்பி போகிற பஸ்ஸில் நான் போகமாட்டேன். அவள் ஒரு பஞ்சாங்கம் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தாள். அதை அவளுடைய அம்மா பார்த்துவிட்டார். "நல்ல நேரம் பாக்கப் பழகிட்டியாடி" என்று கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசவில்லையாம். கம்ப்யூட்டர் வேலைக்கு என்று இவள் சொன்னதை அந்த அம்மா நம்பவில்லை. அதன்பிறகு பஞ்சாங்கம் ஆபீஸ் டிராயரில் இருந்தது.

இன்னொரு விஷயத்திலும் நான் பிடிவாதம் பிடித்தேன். ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், டோக்கன் நம்பர் எல்லாம் ஒவ்வொரு மாதமும் போகவேண்டும் என்றார் எங்கள் மானேஜர். எதற்கு? அந்த நூற்று அறுபத்து நான்கு பேரும் அதே வரிசையில் தேனிக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறார்கள். போன மாதம் வரையிலான கூட்டுத்தொகையும் அங்கே இருக்கிறது. புதிதாக அங்கே தெரியவேண்டியது இந்த மாதம் வந்த நாட்கள் மட்டும். பத்துப் பேருக்கு ஒரு வரி; வரியின் கடைசியில் அந்த வரி இலக்கங்களின் கூட்டுத்தொகையில் கடைசி இரண்டு இலக்கம், வழியில் ஏதாவது பிசகினால் காட்டிக்கொடுக்க. பதினேழு வரி, ஆளுக்கு இரண்டு இலக்கமாக முந்நூற்று இருபத்தெட்டு, கூட்டு எண்ணாக முப்பத்து நான்கு. மொத்தம் முந்நூற்று அறுபத்திரண்டு. பிளாப்பியில் மூன்றரை லட்சம் எழுத்து கொள்ளுமே, ஏன் சார் இப்படிக் கஞ்சத்தனம் என்று மானேஜர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எட்டு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது.

அந்த வருடம் பட்டியல் ஒட்டும் நாள் ஆயுத பூசை விடுமுறை முடிந்த மறுநாளாக அமைந்தது. செப்டம்பர் கணக்கை நான் முன்னாலேயே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மூன்று முறை எண்ணினேன்; மூன்றாவது முறை எண்ணி முடித்தபோது பூசை வந்துவிட்டது. அந்த அம்மாள் ஆகஸ்ட் வரை இருநூற்றுப் பதினேழு நாள். செப்டம்பரில் இருபத்து மூன்று. இருநூற்று நாற்பது. ஒரு நாள் கூடுதலாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. மொத்தத்தில் இருநூற்று நாற்பதைத் தொட்டவர்கள் முப்பத்தொரு பேர். அந்த எண்ணிக்கையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் செப்டம்பர் கணக்கைப் பூட்டி இரண்டு பிளாப்பியில் எழுதி, ஒழுங்காகப் படிக்கிறதா என்று மூன்று முறை சோதித்தேன். மறுநாள் மில் முழுக்கப் பூசை. ஸ்பின்னிங் மிஷின், லாரி, தராசு, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் மாலை, சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்கு அது முதல் பூசை, செய்தது நான். திரையின் நெற்றியில் ஒன்று, கீபோர்டில் ஒன்று, டிரைவின் மேல் ஒன்று. பிறகு பன்னிரண்டு பிளாப்பிகளையும் உறையிலிருந்து எடுத்துத் தலைவாழை இலையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று பொட்டு. ஒவ்வொரு தட்டிலும் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும்; உள்ளே பழுப்பாகப் பளபளக்கும். பொட்டு வைக்க அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு விடக்கூடாது என்று பன்னிரண்டுக்கும் அந்த இடத்தில்தான் வைத்தேன். முப்பத்தாறு பொட்டு.

அந்தத் திறப்பின் வழியாகத்தான் டிரைவ் உள்ளே தொட்டுப் படிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கையேட்டில் படம் போட்டு விரலால் தொடாதே என்று எழுதியிருந்தது. பூசை வேளையில் எனக்குக் கையேடு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

விடுமுறை முடிந்து காலை பஸ்ஸில் பியூனிடம் ஒரு பிளாப்பியைக் கொடுத்தனுப்பினேன். மத்தியானம் இரண்டே முக்காலுக்குத் தேனியிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். போன் மானேஜர் அறையில்தான். நான் எடுத்ததும் கேட்டாள்:

"சார், பிளாப்பியில மஞ்சளா என்னமோ காஞ்சு ஒட்டியிருக்கே, என்ன சார்?"

"சந்தனம்மா."

அதை அவள் நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது.

"பொங்கலும் வச்சீகளா சார்?"

அவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. உள்ளே செருகியதும் டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது, இப்போது வேறு நல்ல பிளாப்பியைப் போட்டாலும் படிக்க மாட்டேன் என்கிறது என்றாள். பட்டியல் டைப் அடிக்கத் தயாராக ஆபீசர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம், பியூனும் அங்கேயே நிற்கிறாராம். ஐந்து மணிக்கு ஒட்டிவிட்டு மதுரைக்குக் கிளம்புகிறாராம்.

ரிசீவரை வைத்துவிட்டு ஓடிப்போய் இரண்டாவது பிளாப்பியை என் டிரைவில் செருகினேன். அதே கரகர. செருகுவதற்கு முன் துடைத்தேன். துடைத்ததில் சந்தனம் இன்னும் உள்ளே போயிருக்கவேண்டும். இரண்டு ஊரிலும் டிரைவ் போனது. கணக்கு மட்டும் என் கம்ப்யூட்டருக்குள், ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. திரையில் தெரிகிறது. பிரிண்டர் தேனியில்தான் உண்டு. நாற்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்ப்யூட்டர் அதற்காகக் காத்திருக்கிறது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் ஐந்தே காலுக்குத்தான் மில் வாசலில் இறங்கலாம்.

திரும்ப மானேஜர் அறைக்குப் போனபோது மேஸ்திரி அங்கே உட்கார்ந்திருந்தார். விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. இதுக்குப் போயி ஏன் சார் வேர்த்து விறுவிறுக்கீக, பேரையும் நாளையும் ஒரு தாளில் எழுதிக் குடுங்க, மோட்டார்சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்றார். மானேஜருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எடுங்கள் ஒரு தாளை என்றார் என்னிடம்.

நான் நின்றேன். போன வருடம் திறக்காத வாயை அன்றைக்கும் திறக்காவிட்டால், அந்த அம்மாளுக்கு இன்னொரு வருடம் போய்விடும். அது மட்டுமல்ல, தப்பாக எண்ணுகிறவன் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிடும்.

"போன வருசமும் இவுக கையிலதான் சார் போச்சு" என்றேன். "நாலு இடத்துல சுரண்டித் திரும்பி வந்துச்சு."

மேஸ்திரி சிரித்தார். மூலையில் இருந்த டைப்பிஸ்ட் டைப் அடிப்பதை நிறுத்தினார். மானேஜர் மேஸ்திரியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, வேற எப்படி அனுப்புவீக என்று கேட்டார். போனில் படிக்கிறேன் என்றேன். எல்லார் காதிலும் விழுமே என்றார். விழட்டும் என்றேன்.

தேனிக்கு அர்ஜென்ட் கால் பதிவு செய்தோம். லைன் கிடைக்கும்வரை திரையில் இருந்த பதினேழு வரிகளையும் ஒரு முழுத்தாளில் எழுதினேன். கம்ப்யூட்டர் அறைக்கும் போன் இருந்த அறைக்கும் முப்பத்தெட்டு அடி தூரம், போனின் ஒயர் நான்கு அடி. திரையின் நெற்றிப்பொட்டைக் கைக்குட்டையால் துடைத்தேன், முழுதாகப் போகவில்லை. எழுதியதைத் திரையோடு இரண்டு முறை ஒப்பிட்டேன்.

நான்கு மணி தாண்டி ஐந்து நிமிடத்தில் லைன் வந்தது. பிளாப்பியிலிருந்து படிப்பதற்குப் பதிலாகக் கீபோர்டிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி நிரலை மாற்றவேண்டுமே என்று நான் ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்பவே மாத்திட்டேன். வரியச் சொல்லுங்க சார்."

ஐந்தைந்து இலக்கமாகச் சொன்னேன். ஐந்து சொல்லி நிறுத்துவேன், அவள் உம் என்பாள், அடுத்த ஐந்து. இருபது முடிந்ததும் கூட்டு எண். வரி சரியாக இருந்தால் அவளுடைய கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குப் போகும், இல்லாவிட்டால் நின்றுவிடும். முதல் வரி போனது. இரண்டாவது போனது. மேஸ்திரி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். டீ கொண்டுவந்தவர் கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என்ன சார், கேரளா லாட்டரியா?" என்றார் மேஸ்திரி. "முதல் பரிசு எனக்கு விழுந்தா சொல்லுங்க."

நான் பதில் சொன்னால் எண்ணிக்கை தவறும். நான்காவது வரியில் இருந்தேன். கேட்டுக்கொண்டே அவர் ஒரு சிகரெட் அட்டையில் சில எண்களைக் குறித்துக்கொள்வதைப் பார்த்தேன். குறிக்கட்டும் என்று நினைத்தபோது மனம் லேசானது. அவருக்கு வேண்டிய ஒவ்வோர் ஆளின் நாட்களையும் அவர் முகத்துக்கு நேரே உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எட்டு வரி முடிந்தபோது மூன்று நிமிடம் ஆகியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மாள் நடுவில் வந்து நீட்டிக்கவா என்று கேட்டார். நீட்டிக்கச் சொன்னேன்.

ஒன்பதாவது வரி நின்றது.

அந்த வரியில் ஆறாவது ஆள் ரீலிங் பிரிவு அம்மாள். மறுபடி முழு வரியையும் சொன்னேன். மறுபடி நின்றது. ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன், அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். எல்லாம் தாளில் இருந்தபடியே இருந்தது. கூட்டு எண்ணும் அதேதான். "ஒண்ணு குறையுது சார்" என்றாள். பின்னால் ஆபீசர் ஏதோ சொல்வது கேட்டது. அந்த வரியை விட்டுவிட்டு மிச்சத்தை வாங்கு என்கிறார் என்றாள். விட்டால் பத்துப் பேர் போவார்கள்.

"லைனை வைக்காத. நான் சொல்ற வரைக்கும் வைக்காத" என்றேன். ரிசீவரை மேஜையில் வைத்தேன். மானேஜர் அறையில் இல்லை. ஏதோ மிஷின் நின்றுவிட்டது என்று ஒருவர் வந்து கூப்பிட்டுப் போயிருந்தார். தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு முப்பத்தெட்டு அடியையும் ஓடினேன்.

திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து ஒன்பதாவது வரியை இடமிருந்து வலமாகப் பார்த்தேன். பன்னிரண்டாவது இலக்கம் தாளில் 5 என்று இருந்தது. திரையில் அந்த இடத்தில், துடைத்தபோது கீழே இழுபட்ட சந்தனம் மங்கலாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஐந்தின் இடது பக்கம், கீழே, மறைந்திருந்த இரண்டு புள்ளிகள் பச்சையாகத் தெரிந்தன. அது 6.

ஆறாவது ஆளின் இரண்டாவது இலக்கம். அந்த அம்மாளின் எண். ஐந்து என்று போயிருந்தால், பூட்டைத் திறந்ததும் இருபத்து மூன்றுக்குப் பதில் இருபத்திரண்டு வந்திருக்கும். இருநூற்று முப்பத்தொன்பது. இந்த முறை பிளேடு எடுத்துச் சுரண்ட யாரும் வேண்டியிருந்திருக்காது. நானே செய்திருப்பேன், இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்து.

திரும்பி வந்தபோது ரிசீவர் மேஸ்திரியின் காதில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "லைன் இருக்கான்னு பாத்தேன்" என்று நீட்டினார். அவர் என்ன பேசினார் என்பது எனக்கு அடுத்த மாதம் தேனிக்குப் போனபோதுதான் தெரிந்தது. சார் சொல்லிவிட்டார், ஒன்பதாவது வரி வேண்டாமாம், பத்தாவது வரியிலிருந்து நான் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றாராம். அவள் மரியாதையாக, சரிங்கய்யா, முதலில் பத்தாவது வரிக்குக் கூட்டு எண் சொல்லுங்க, அது சரியா இருந்தாத்தான் பொட்டி வாங்கும் என்றாளாம். தாள் என் கையில் இருந்தது. அவர் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொன்னாராம். இன்னொரு தடவ சொல்லுங்க, சரியாக் கேக்கல என்றாளாம். அவர் வேறொரு எண்ணைச் சொன்னாராம். "அஞ்சு நிமிசம் இருந்திருந்தா ஒரு லாட்டரிச் சீட்டே எழுதியிருப்பேன் சார்" என்றாள் என்னிடம்.

நான் ரிசீவரை வாங்கி, பன்னிரண்டாவது இலக்கம் ஆறு என்றேன். வரி போனது.

மிச்சம் எட்டு வரி. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மானேஜர் திரும்பி வந்து கதவருகில் நின்றுகொண்டார். என் குரல் கம்மியது. டீ கொண்டுவந்தவர் தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை, குடித்தால் இடம் தவறும். எக்ஸ்சேஞ்ச் அம்மாள் மறுபடி வந்து ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது, வேறு கால்கள் காத்திருக்கின்றன என்றார். அப்போது பதினாறாவது வரியில் இருந்தேன். பதினேழாவது வரியில் நான்கே ஆட்கள். எட்டு இலக்கம், இரண்டு கூட்டு எண். சொல்லி முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிடத்துக்குச் சுமார் இருபது விநாடி பாக்கி இருந்தது. எதிர்ப்பக்கம் கீபோர்டின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

நான் எதுவும் கேட்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் முதலில் சொன்னால், அதையே அவள் திருப்பிச் சொல்வாளோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அவளாகவே சொல்லவேண்டும்.

"முப்பத்தொண்ணு சார்" என்றாள்.

சரி என்று நான் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

மானேஜர் என்ன ஆச்சு என்றார். போய்ச் சேர்ந்தது சார் என்றேன். மேஸ்திரி சிகரெட் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்த அட்டையை அவர் எத்தனை நாள் வைத்துப் பார்த்தாரோ தெரியாது. நான் எண்ணியவரை அதில் நாற்பது இலக்கமாவது இருக்கும். அவருக்கு வேலை போகவில்லை, அந்தக் காலத்தில் மேஸ்திரிகளுக்கு வேலை போகாது. ஆனால் அதன்பின் எங்கள் யூனிட்டிலிருந்து எந்தத் தாளும் அவர் கையில் போகவில்லை. மானேஜர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலே அப்படி நடக்கும்படி பார்த்துக்கொண்டார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

கம்ப்யூட்டர்காரர்கள் மதுரையிலிருந்து வந்து இரண்டு டிரைவையும் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். உள்ளே இருந்து வந்த துகளை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தார்கள். அடுத்த வருடப் பூசைக்கும் நான் பொட்டு வைத்தேன். பிளாப்பிகள் இருந்த டப்பாவின் மூடிக்கு, ஒன்றே ஒன்று.

பிற்காலத்தில் பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் சிலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் இருப்பதைப் பூட்டைத் திறக்காமலே இன்னொன்றின் ஞாபகத்துக்குள் கொண்டுபோய் வைப்பது, நடுவில் எவர் கையிலும் அது பொருளாக மாறாமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் இப்போது கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறதாம். நடக்கட்டும். ஒன்பது நிமிடத்தில், ஒரு பழைய பஞ்சாங்கத்தையும் என் தொண்டையையும் வைத்து நாங்கள் செய்தோம். எத்தனை இலக்கம் தவறாகப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் பூஜ்யம் என்று சொல்வேன். அவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

மறுநாள் காலை பியூன் பட்டியலின் நகலைக் கொண்டுவந்தார். முப்பத்தொரு பெயர். மூன்று முறை எண்ணினேன். காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் வந்து நின்றதும், ரீலிங் பிரிவு ஆட்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். யாரோ அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கவேண்டும். மற்றவர்கள் போனபிறகு ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"இந்தத் தடவ எண்ணுனது நீங்களா சார், அந்தப் பொட்டியா?"

"நான்தான். பொட்டி தூக்கிட்டுத்தான் போச்சு."

அவர் யோசித்தார். "அப்பப் போன வருசம்?"

"போன வருசமும் நான் சரியாத்தான் எண்ணுனேன்" என்றேன். "எரநூத்து நாப்பத்திரண்டு. கொண்டுபோன வழியில நாலு போச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். கோபப்படவில்லை. எரநூத்து நாப்பத்திரண்டா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், தனக்கு வரவேண்டிய ஒன்று எவ்வளவு என்று இப்போதுதான் தெரிந்ததுபோல. டெம்பரவரி ஆட்களின் வருகை அட்டைகள் சுவரில் கீழ் வரிசைகளில் இருக்கும், சிவப்பு. பெர்மனென்ட் அட்டைகள் மேலே, வெள்ளை. அவருடைய சிவப்பு அட்டையை எடுத்துக் குறுக்கே கோடு போட்டு, புது வெள்ளை அட்டையில் பெயரையும் நம்பரையும் எழுதி, மேல் வரிசையில் செருகினேன். அவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். உயரம் பற்றவில்லை, குதிகாலைத் தூக்கியும் விரல் நுனிதான் பட்டது.

"ரெண்டு வரிசை கீழ வைக்கலாமா சார்?"

வைக்கலாம் என்றேன். வெள்ளை அட்டைகளிலேயே கடைசி வரிசையில் ஓர் இடம் காலி இருந்தது. அங்கே மாற்றி வைத்தேன். அவரே எடுத்து, நேரம் பதியும் கடிகாரத்தில் செருகி மணி அடித்தார். காலை ஏழு ஐம்பத்திரண்டு. பெர்மனென்ட் அட்டையில் முதல் நாள், முதல் எண்.